காசு கொடுத்தவனுக்கு மட்டும் பூட்டு

வர்தா புயல் சென்னையைக் கடந்தது 2016 டிசம்பர் 12ஆம் தேதி. அம்பத்தூர் கிருஷ்ணாபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு வேப்பமரம் மின்கம்பத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு படுத்துவிட்டது. நாலாவது நாள் சாயங்காலம்தான் கரண்ட் வந்தது. மோட்டார் போட்டாச்சு, போன் சார்ஜ் போட்டாச்சு, அம்மா நாலு நாள் பாக்கியை எல்லாம் மிக்ஸியில் அரைத்துத் தள்ளினாள். இன்டர்நெட் மட்டும் வரவில்லை. செல்போனில் ஒரு கோடு வரும், போகும். பணமதிப்பிழப்பு அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்ததால் ஏடிஎம்மிலும் காசில்லை, வெளியே போய்ச் செய்ய ஒன்றுமில்லை. சரி, விட்ட இடத்திலிருந்து கேம் ஆடலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன்.

திறக்கவில்லை. இணைய இணைப்பைச் சரிபார்க்கச் சொன்னது. நான் ஆட நினைத்தது ஒற்றை ஆள் ஆடும் கேம். எதிரில் வருபவன், சுடுபவன், சாகிறவன் எல்லாரும் என் ஹார்ட் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க நான் எதற்கு வேறொரு கண்டத்தில் இருக்கும் சர்வரிடம் அனுமதி வாங்க வேண்டும்? எந்த கம்பெனி என்று இங்கே எழுதப்போவதில்லை. அது இல்லையென்றால் இன்னொன்று.

எங்கள் மாடிப் போர்ஷனில் ஒரு தம்பி குடியிருந்தான். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சார்ஜ் போட கீழே வந்தவன், அதே கேமை என் கண் முன்னால் திறந்து ஆட ஆரம்பித்தான். டாரன்டில் இறக்கிய கிராக் காப்பி. என் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ண்ணா, உங்களுது ஒரிஜினல்தானே? அப்புறம் ஏன் ஓட மாட்டேங்குது?" என்றான். கிண்டல் பண்ணியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவன் உண்மையிலேயே தெரியாமல் கேட்டான்.

ஒன்பது வருஷமாக அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டிருக்கிறேன். காப்பி பாதுகாப்பு, டிஆர்எம், ஆக்டிவேஷன் என்று பல பெயர்களில் வரும் இந்தப் பூட்டைத் திருடன் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. அவன் கைக்கு வரும்போதே அது உடைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதன் முன்னால் நின்று சாவியைக் காட்டுகிறவன் காசு கொடுத்து வாங்கியவன் மட்டும்தான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். நியாயம்தான், என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூட நாளில் நான் ஆடிய ஒரு கேமுக்கும் காசு கொடுத்ததில்லை. அம்பத்தூர் ஸ்டேஷனில் லோக்கல் ஏறி சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போனால், பிளாஸ்டிக் கவரில் போட்ட சிடி. மேலே மார்க்கர் பேனாவில் வைஸ் சிட்டி, ஐ.ஜி.ஐ, மேக்ஸ் பெய்ன். கூடவே ஒரு நோட்பேட் ஃபைலில் சீரியல் நம்பர். ஓ.டி. பக்கம் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் கவுன்டர் ஸ்ட்ரைக். அந்த சென்டரில் இருந்த பத்து மெஷினில் ஒன்றிலாவது ஒரிஜினல் விண்டோஸ் இருந்திருக்குமா என்பதே சந்தேகம். அப்புறம் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் வந்தது. இரவு 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை கணக்கில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு பிளான். அலாரம் வைத்து எழுந்து டாரன்ட் போட்டுவிட்டுப் படுத்த தலைமுறை நாங்கள். அதை வீரமாகச் சொல்லிக்கொள்வது இப்போது ஒரு ஃபேஷன். வீரமெல்லாம் ஒன்றுமில்லை. வாங்கக் காசில்லை, வாங்குவதற்கு வழியும் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை.

மாறினேன். உபதேசம் கேட்டு மாறவில்லை. வேலைக்குப் போனேன், கையில் கார்டு வந்தது. 2015 நவம்பரில் ஸ்டீம் தளம் இந்திய ரூபாயில் விலை போட ஆரம்பித்தது. அதுவரை டாலரில் பார்த்துப் பெருக்கிப் பெருமூச்சு விட்ட விலை, திடீரென்று ஒரு வார இறுதி சினிமாச் செலவுக்குள் வந்தது. திருட்டைக் குறைப்பது பூட்டு அல்ல, நல்ல சேவைதான் என்று அந்தக் கம்பெனியின் முதலாளி கேப் நியூவல் 2011இலிருந்தே சொல்லிவந்தார். தன் கடையைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை, ஆனால் என் விஷயத்தில் அது சரிதான். நான் வாங்க ஆரம்பித்தேன். ஒரு வருஷம் கழித்து, புயலுக்கு நாலாவது நாள், அந்தத் தம்பி என்னைப் பார்த்துக் கேட்டான்.

பூட்டே கூடாது என்று சொல்லும் கட்சி நான் இல்லை. அதற்குக் காரணம் என் அப்பா.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மோல்டு செய்யும் பட்டறையில் இருந்தார். 1964இல் தொடங்கிய எஸ்டேட். அதன் சந்துகளில் லேத் சத்தம் இல்லாத தெருவே அன்றைக்குக் கிடையாது. நான் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது ஒருநாள் அப்பா வீட்டுக்கு வந்து, "கம்பெனியில கேம் சாஃப்ட்வேர் வாங்கியிருக்காங்க, லட்சக்கணக்குல ஆச்சாம்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. லட்ச ரூபாய்க்குக் கேமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடம்பிடித்து அப்பாவோடு சைக்கிளில் பட்டறைக்குப் போனேன். திரையில் ஒரு பக்கெட் மூடியின் அச்சு சுழன்றுகொண்டிருந்தது. மெஷினுக்கு எங்கே வெட்ட வேண்டும், எவ்வளவு ஆழம் என்று சொல்லிக்கொடுக்கும் கேம் அது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்து. என் வாழ்க்கையின் பெரிய ஏமாற்றங்களில் ஒன்று.

ஆனால் அங்கேதான் முதல்முறையாக டாங்கிளைப் பார்த்தேன். கம்ப்யூட்டரின் பின்னால், பிரின்டர் ஒயர் செருகும் இடத்தில், தீப்பெட்டி அளவில் ஒரு கட்டி. அது செருகியிருந்தால்தான் சாஃப்ட்வேர் ஓடும். சனிக்கிழமை மாலை முதலாளி அதைக் கழற்றி, மேஜை டிராயரில் லட்சுமி படத்துக்குக் கீழே வைத்துப் பூட்டுவார். ஆயுத பூஜைக்கு லேத்துக்கும் டிரில்லுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கும்போது அதற்கும் ஒரு பொட்டு. "மெஷின் போனாகூட இன்சூரன்ஸ் இருக்கு, இது போச்சுன்னா கடையை மூட வேண்டியதுதான்" என்பாராம்.

ஒருமுறை அது போயேவிட்டது. மின்னல் அடித்ததா, வோல்டேஜா, தெரியவில்லை. அப்பா சொன்னது இதுதான்: விற்ற ஆளுக்கு முதலாளி போன் போட்டார். அன்றைக்கே போனில் ஒரு தற்காலிக எண் கொடுத்தார்கள், வேலை நிற்கவில்லை. மூன்றாவது நாள் ஒரு சர்வீஸ் ஆள் பையில் புது டாங்கிளோடு வந்தார். பழையதை வாங்கிக்கொண்டு கையெழுத்து வாங்கிப் போனார். காபி குடித்தார்.

நான் கேட்கும் நியாயம் மொத்தமும் அந்த மூன்று நாளில் இருக்கிறது. பூட்டு போட்டவன் பூட்டுக்குப் பொறுப்பேற்றான். சாவி கெட்டால் கூப்பிட ஒரு நம்பர் இருந்தது, அதை எடுக்க ஒரு மனுஷன் இருந்தான். வாங்கியவன் ஓட வேண்டிய வேலை ஒரு நாளும் நிற்கக் கூடாது என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை. பட்டறைக்காரர் லட்சம் கொடுத்தார், நீ 999 ரூபாய் கொடுத்தாய் என்று சொல்வீர்கள். சரி. எனக்கு சர்வீஸ் ஆள் காபி குடிக்க வர வேண்டாம். தற்காலிக எண் ஒன்று கொடுத்திருக்கலாமே? நாலு நாள் இணையம் இல்லாமல் ஓட விட்டிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்?

வீடியோ கேம் பூட்டுகளின் சரித்திரத்தைப் படித்தால் சிரிப்பாக வரும், கொஞ்ச நேரத்தில் சிரிப்பு போய்விடும். 2008இல் ஸ்போர் என்ற கேம் வந்தது. வாங்கியவர் மூன்று முறைதான் ஆக்டிவேட் செய்யலாம் என்று கட்டுப்பாடு. விண்டோஸை அழித்துப் போட்டால் ஒன்று போச்சு, ஹார்ட் டிஸ்க் மாற்றினால் இன்னொன்று போச்சு. வாங்கியவர்கள் கொதித்துப்போய் அமேசானில் ஒற்றை நட்சத்திரமாகக் குவித்தார்கள்; கம்பெனி மூன்றை ஐந்தாக்கியது. அந்த ஆண்டு டாரன்டில் அதிகம் இறக்கப்பட்ட கேம் எது என்று பார்த்தால், அதே ஸ்போர்.

அதே ஆண்டு நடந்த இன்னொரு கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். யூபிசாஃப்ட் ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2 கேமுக்கு ஒரு திருத்தம் வெளியிட்டது. அதைப் போட்டதும் கேம் டிஸ்க்கைச் செருகச் சொல்லிக் கேட்டது. இணையத்தில் டவுன்லோடாக வாங்கியவர்களிடம் டிஸ்க் ஏது? புகார்கள் போயின. கம்பெனியின் ஆதரவுப் பக்கத்தில் ஒரு ஃபைல் வந்தது, போட்டால் கேம் ஓடியது, எல்லாருக்கும் சந்தோஷம். யாரோ ஒருவர் அந்த ஃபைலைத் திறந்து உள்ளே பார்த்தார். ரீலோடட் என்ற கிராக் குழுவின் கையெழுத்து அப்படியே இருந்தது. பூட்டு செய்தவனுக்கே தன் வாடிக்கையாளருக்குக் கதவைத் திறக்கத் திருடனின் கம்பி தேவைப்பட்டது. பிறகு ஃபைலை எடுத்துவிட்டார்கள்.

2013 மார்ச்சில் சிம்சிட்டி. எப்போதும் இணையத்தில் இருந்தால்தான் நகரம் கட்டலாம். வெளியான நாளே சர்வர்கள் படுத்துவிட்டன. காசு கொடுத்தவர்கள் வரிசையில் நின்றார்கள், ரேஷன் கடை மாதிரி. ஏன் இணையம் இல்லாமல் ஆட முடியாது என்று கேட்டதற்கு, கணக்குகளில் பெரும்பகுதி எங்கள் சர்வரில்தான் நடக்கிறது, தொழில்நுட்பரீதியாகச் சாத்தியமில்லை என்ற தோரணையில் பதில் வந்தது. சில நாளிலேயே ஆர்வலர்கள் அதை இணையமில்லாமல் ஓட்டிக் காட்டினார்கள். ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், சாத்தியமில்லாத அந்த வசதியைக் கம்பெனியே வெளியிட்டது.

என் வீட்டு அலமாரியில் நாலைந்து ஒரிஜினல் சிடிக்கள் இருக்கின்றன. வேலைக்குப் போன பிறகு, குற்றவுணர்ச்சியில், பழைய கேம்களைத் தேடி வாங்கியவை. அவற்றில் சில விண்டோஸ் 10இல் ஓடாது. சேஃப்டிஸ்க் என்ற பழைய பூட்டைத் திறக்கும் சின்ன மென்பொருள் விண்டோஸின் ஆழத்தில் உட்கார்ந்திருந்தது. அது பாதுகாப்புக்கு ஆபத்து என்று 2015இல் மைக்ரோசாஃப்ட் தூக்கி எறிந்தது. எறிந்தது சரிதான். ஆனால் பூட்டு போட்ட கம்பெனிகளில் எத்தனை பேர் திரும்பி வந்து பூட்டைக் கழற்றினார்கள்? அலமாரியில் இருப்பது சட்டப்படி வாங்கிய, ரசீதுள்ள, ஓடாத தட்டு. ரிச்சி தெருவில் மார்க்கர் பேனாவில் எழுதி வாங்கிய அதே கேம் இன்றைக்கும் ஓடுகிறது. பூட்டு இல்லாததால் அதற்கு வயதாகவில்லை.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் அதன் பலத்தோடு வைக்க வேண்டும். கேம் செய்கிறவர்கள் எல்லாரும் பன்னாட்டு முதலைகள் இல்லை. மூன்று நாலு வருஷம் நூறு பேர் உழைத்த ஒன்று, வெளியான மறுநாள் இலவசமாகக் கிடைத்தால் சம்பளம் எங்கிருந்து வரும்? பூட்டால் பயனே இல்லை என்று நம் ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். பொய். பயன் இருக்கிறது. டெனுவோ என்று ஒரு ஆஸ்திரியப் பூட்டு, 2014இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. அது போட்ட கேம்களின் வருமானத்தை வில்லியம் வோல்க்மன் என்ற ஆய்வாளர் கணக்குப் பார்த்தார். முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் மொத்த வருமானத்தில் சுமார் 20 சதவீதம் வரை போகிறது. சின்னத் தொகை இல்லை. ஐந்தில் ஒருவரின் சம்பளம்.

அதே ஆய்வின் அடுத்த பக்கத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. நாள் போகப் போக அந்த இழப்பு கரைகிறது. 12 வாரத்துக்குப் பிறகு பூட்டு உடைந்தால் இழப்பு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வாங்குகிறவன் முதல் மூன்று மாதத்திலேயே வாங்கிவிடுகிறான்.

அப்படியென்றால் பதிமூன்றாவது வாரத்திலிருந்து அந்தப் பூட்டு யாருக்காக? பத்தாவது ஆண்டில் யாருக்காக? நம்ம ஊர் சினிமாக்காரர்களுக்கே தெரிந்த கணக்கு இது. முதல் வாரத்துக் கலெக்ஷனுக்காகத் தியேட்டர் வாசலில் போலீஸ் நிறுத்துவார்கள். பத்து வருஷம் கழித்து அதே படம் டிவியில் ஓடும்போது வீட்டுக்கு வீடு போலீஸ் நிறுத்துவதில்லை. கேம் கம்பெனி நிறுத்துகிறது, அதுவும் டிக்கெட் வாங்கியவன் வீட்டில்.

கழற்ற முடியாததும் இல்லை. வர்தா அடித்த அதே 2016 டிசம்பரில், டூம் கேமிலிருந்து டெனுவோவைக் கழற்றினார்கள். கேம் வந்தது மே மாதம். ஏழு மாதம் பூட்டு, அப்புறம் விடுதலை. யாரும் திவாலாகவில்லை. அந்தச் செய்தியை நான் படித்தது ஜனவரியில், எங்கள் தெருவுக்கு நெட் ஒழுங்காக வந்த பிறகு.

இதைவிட மோசமானது, பூட்டும் சாவியும் ஒரே நாளில் சாகும் விவகாரம். தி க்ரூ என்ற கார் பந்தயக் கேம் 2014 டிசம்பரில் வந்தது. தனியாக ஆடினாலும் இணைய இணைப்பு வேண்டும். 2024 மார்ச் 31ஆம் தேதி சர்வரை அணைத்தார்கள். அதோடு நிற்கவில்லை, வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் பிடுங்கினார்கள். சர்வரை வருஷக்கணக்கில் ஓட்டக் காசாகும் என்பது எனக்குப் புரிகிறது, ஓட்டச் சொல்லிக் கேட்கவும் இல்லை. போகும்போது கதவைத் திறந்துவைத்துவிட்டுப் போ என்றுதான் கேட்கிறேன்.

ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் அந்த ஏப்ரலில் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் என்ற இயக்கத்தை ஆரம்பித்தார். அவர் கேட்பது மிகச் சின்னது: ஆதரவை நிறுத்தும்போது, வாங்கியவர் தொடர்ந்து ஆடும் நிலையில் கேமை விட்டுவிட்டுப் போக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்கள் மனுவுக்கு 10 லட்சம் கையெழுத்து தேவை, 2025 ஜூலையில் அதைத் தாண்டியது. அம்பத்தூரிலிருந்து அதில் கையெழுத்துப் போட முடியாது என்பது வேறு விஷயம். சத்தம் கிளம்பியதும் அதே கம்பெனி, தி க்ரூவின் அடுத்த இரண்டு கேம்களுக்கு ஆஃப்லைன் முறை தருவதாக அறிவித்தது. மறுபடியும் அதே அதிசயம். முடியாது, முடியாது, முடியாது, முடியும்.

உடனே ஒரு குரல் வரும். எழுத்தாளர்கள் மத்தியிலும், ஐ.டி. நண்பர்கள் மத்தியிலும் கேட்டிருக்கிறேன். "நீ வாங்கினது கேம் இல்லப்பா, லைசென்ஸ். நிபந்தனையைப் படிச்சிட்டுத்தானே ஓகே அமுக்கின?" அப்படியா? அப்புறம் ஏன் பட்டனில் 'வாங்கு' என்று எழுதியிருக்கிறது? வாடகைக்கு விடுகிறவன் வாடகை என்று போர்டு வைக்க வேண்டாமா? வீட்டு வாடகைக்குக்கூட பதினோரு மாதம் என்று ஒப்பந்தத்தில் தேதி போடுகிறார்கள். கலிஃபோர்னியாவில் 2024 செப்டம்பரில் ஒரு சட்டம் போட்டார்கள், 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது: பறித்துக்கொள்ளக்கூடிய உரிமத்தை விற்கிறவர் அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது. சட்டம் அமலுக்கு வரும் முன்பே ஸ்டீம் தளத்தில் பணம் கட்டும் இடத்தில் அந்த அறிவிப்பு முளைத்துவிட்டது. நேர்மையான வாசகம்தான், ஆனால் பிடுங்குவேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிடுங்குவது நியாயமாகிவிடாது.

நம் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன், கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி 65ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் குற்றம். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் பூட்டை உடைப்பதையே குற்றமாக்கிவிட்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை விதிவிலக்குக் கேட்டு மனுப்போட வைக்கிறது. அந்த வகையில் நம்முடையது யோக்கியமான பிரிவு. நான் புரிந்துகொண்டவரை, என் ஓடாத சிடியை ஓட்டுவதற்காகப் பூட்டை நீக்கினால் அந்தப் பிரிவின்படி நான் குற்றவாளி ஆவது கஷ்டம். இதில் ஒரு வேடிக்கை, அப்படி நீக்க இன்னொருவர் உதவி செய்தால், யாருக்கு உதவினாரோ அவர் பெயர், முகவரி, எதற்காக என்ற விவரங்களை எழுதிவைக்க வேண்டுமாம். ஓ.டி.யில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அண்ணன் கோடு போட்ட நோட்டில் இதையெல்லாம் எழுதுவதைக் கற்பனை செய்து பார்த்தேன்.

பிடிங்கியவனைக் கேட்க வழி உண்டா? 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்று ஒரு வரையறை இருக்கிறது. தக்க காரணமில்லாமல் ஒரு தரப்பு மட்டும் தன்னிச்சையாக முறித்துக்கொள்ள இடம் தரும் ஒப்பந்தம் அதில் வருகிறது. நமக்காகவே எழுதியது மாதிரி இல்லை? ஆனால் நியாயமற்ற ஒப்பந்தம் என்று புகார் செய்ய மாவட்ட ஆணையம் போதாது, மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். 999 ரூபாய் கேமுக்கு.

மறுபக்கம் எவ்வளவு பலம் என்று பாருங்கள். தமிழ்நாட்டில் திருட்டு விசிடிக்காக 2004இல் குண்டர் சட்டத்தையே திருத்தினார்கள். வீடியோ திருடர்களை விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். சாராயம் காய்ச்சுகிறவனோடும் நிலம் அபகரிப்பவனோடும் ஒரே வரிசை. 2012இல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெயர் தெரியாத எதிரிகள் மீது தடை வாங்கினார்கள். அந்த மே மாதம் சில இணைய நிறுவனங்கள் விமியோ தளத்தையே மூடிவிட்டன. குறும்படம் எடுத்து அதில் ஏற்றிவைத்திருந்த பையன்கள் தங்கள் படத்தைத் தாங்களே பார்க்க முடியவில்லை. தளம் முழுவதையும் மூடக்கூடாது, குறிப்பிட்ட சுட்டிகளைத்தான் மூட வேண்டும் என்று ஜூனில் நீதிமன்றமே விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. திருடனை நோக்கி வீசிய கல் எப்போதும் பக்கத்தில் நிற்கிறவன் மண்டையைத்தான் தேடி வருகிறது.

கேம் ஆடாத வாசகர்களுக்கு இது சின்னப் பையன்கள் விவகாரமாகத் தெரியலாம். உங்கள் கிண்டிலை எடுங்கள். 2016 கடைசியில் அதில் தமிழ் வந்தபோது நாம் எல்லாரும் கொண்டாடினோம். 2009 ஜூலையில் அமேசான், விற்ற ஜார்ஜ் ஆர்வெல் புத்தகங்களை வாங்கியவர்களின் கருவிக்குள் புகுந்து அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்று காரணம். காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். அதை அப்போது நகைச்சுவையாகப் படித்தோம். 2025 பிப்ரவரியில், வாங்கிய புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி ஒயர் மூலம் மாற்றிக்கொள்ளும் வசதியை எடுத்துவிட்டார்கள். டெலிகிராமில் தன் நாவலின் பிடிஎஃப் சுற்றுவதைப் பார்த்து வயிறெரியும் எழுத்தாளரின் கோபம் எனக்குப் புரிகிறது, அந்தக் குழுக்களில் நான் இல்லை. ஆனால் அந்த எழுத்தாளர்களிடம் ஒரு கேள்வி. கிண்டிலில் நேரடியாகப் பதிப்பிக்கும்போது பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று ஒரு கட்டம் வருகிறதே, அதை நீங்கள் என்ன யோசித்து அமுக்கினீர்கள்? அந்தப் பூட்டு பிடிஎஃப் குழுவை ஒருநாளாவது தடுத்ததா?

2023இல் வெண்பா என்று ஒரு கேம் வந்தது. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா, அப்பா, தமிழ் பேச வெட்கப்படும் பையன். டொரோன்டோவில் ஒரு சின்னக் குழு செய்தது. அடுத்த ஆண்டு பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக கேம் என்று தேர்வானது. ஆடி முடிக்க ஒரு மாலை போதும். கேம் என்றால் சுடுவது என்று நினைத்திருந்த என் அம்மா, திரையில் இட்லிப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதில் ஆடுகிறவருக்கு என்ன வேலை என்றால், பாட்டியின் சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரியை யூகித்துச் சமைக்க வேண்டும். இந்த இடத்தில் உ.வே.சா.வை இழுப்பது வழக்கம், நான் இழுக்கவில்லை. அம்மா மட்டும், "ஓட்டையை இப்படி அடுக்கினா ஆவி எப்படிடா மேல போகும்?" என்று திரையைத் திட்டினாள்.

அதற்கு நான் முழு விலை கொடுத்தேன். கொடுத்ததில் சந்தோஷம். அப்படிப்பட்டவர்களுக்குக் காசு போய்ச் சேர வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருக்கிறேன். இருபது வருஷம் கழித்து என் பெண் அதை ஆட நினைத்தால் ஆட முடிய வேண்டும். அதற்காக அவள் ஏதோ ஒரு கிராக் குழுவுக்கு நன்றிக்கடன் படக் கூடாது. கேம் விற்கிற எல்லாரும் விலைக்குக் கீழே ஒரே ஒரு வரி அச்சிடட்டும்: இந்தப் பூட்டு இந்தத் தேதியில் கழற்றப்படும். 12 வாரம் போதாது என்றால் ஒரு வருஷம் வைத்துக்கொள்ளுங்கள், சண்டை போட மாட்டேன். கம்பெனியை மூடினால், விற்றால், சர்வரை அணைத்தால், தேதிக்கு முன்பே கழற்ற வேண்டும். தேதி போடாதவனிடம் முதல் மாதத்தில் வாங்குவதை நான் நிறுத்திவிட்டேன்.

மாடிப் போர்ஷன் தம்பி இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறான். என்னைவிட இரண்டு மடங்கு சம்பளம். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன், "ண்ணா, இனிமே கிராக் எல்லாம் வேணாம்னு இருக்கேன், வயசாவுது" என்று ஒரு புதுக் கேமின் பெயரைச் சொல்லி வாங்கலாமா என்று கேட்டான். கடைப் பக்கத்தைத் திறந்து கீழே போய் டெனுவோ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தேன். போட்டிருந்தது.

"கொஞ்ச மாசம் பொறு. கழட்டுனதும் சொல்றேன்" என்றேன்.

"அதுவரைக்கும்?"

நான் பதில் சொல்வதற்குள் அவன் சிரித்துவிட்டான்.